அடுத்த கீபோர்டில் உறுமி கேட்குமா?

காரைக்குடி செக்காலைப் பக்கம் கல்யாண வரவேற்போ கோயில் திருவிழாவோ, மெல்லிசைக் கச்சேரி என்றால் மேடையில் கீபோர்டு இல்லாமல் இருக்காது. ஒரு பெரிய குழு வாசித்ததை இன்று சிறிய குழு சமாளிக்கிறது என்றால், அதற்குப் பெரிய துணை அரேஞ்சர் கீபோர்டுதான்.

இடது கையால் ஒரு கார்டு (சுரக்கூட்டு) பிடித்தால் போதும். டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் அதற்கேற்பச் சேர்ந்துகொள்ளும். இந்தப் பக்கவாத்தியக் கட்டுக்கு ‘ஸ்டைல்’ என்று பெயர். பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும்போது ஒரு பட்டனைத் தட்டினால் ‘ஃபில்’ என்ற இணைப்புத் தாளம் விழும். வலது கை மெட்டைப் பார்த்துக்கொள்ளும்.

லட்சங்களில் விலை போகும் உச்ச மாடல்களில் போட்டி கடுமை. கோர்க் 2015இல் பிஏ4எக்ஸும் 2022இல் பிஏ5எக்ஸும் கொண்டுவந்தது. இத்தாலியின் கெட்ரான் ‘ஈவென்ட்’டோடு களத்தில் நிற்கிறது. யமஹா 2002இல் டைரோஸைத் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்றாக 2013இல் டைரோஸ் 5 வரை வந்தது. அதன் வாரிசான ஜெனோஸ் 2017இல் வந்தது, ஜெனோஸ் 2 வர 2023 ஆகிவிட்டது. இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. இதே நடை நீடித்தால் அடுத்தது 2029ஐ ஒட்டி வரலாம். இது ஊகம்தான்.

அதில் என்ன இருக்கும்? நினைவகம் கூடும், திரை மெருகேறும். ஜெனோஸ் 2இல் டிரம்ஸின் நேரடி ஓசையையும் அறையில் எதிரொலிக்கும் ஓசையையும் தனித்தனியே பதிந்து, வேண்டிய அளவில் கலக்க வழி செய்திருக்கிறார்கள். அந்த நுட்பம் இன்னும் வளரும்.

ஆனால் மிருதங்க மேதை காரைக்குடி மணியின் ஊருக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. நம் தோல் வாத்தியங்கள் எப்போது இந்த உச்ச மாடல்களில் முழுமையாக ஒலிக்கும்?

உறுமியை எடுத்துக்கொள்வோம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது, அழுத்தத்துக்கு ஏற்றபடி நாதம் ஏறி இறங்கும். ஒரே அடியைப் பதிந்து கட்டையில் ஏற்றினால் அந்த உறுமல் வராது. ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே ஒலிக்கும். தவிலிலும் ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கூடு மாட்டிய விரல்கள். பல அழுத்தங்களில், பல சொற்களாகப் பதிந்தால்தான் உயிர் வரும்.

இது முடியாத காரியமல்ல. அரபு இசைக்கென்றே யமஹா 2021இல் பிஎஸ்ஆர்-ஏ5000 கொண்டுவந்தது. அரைச் சுரத்தையும் பாதியாக்கும் நுண்சுரங்கள் அதில் வாசிக்கலாம். இந்தியாவுக்கான பிஎஸ்ஆர்-ஐ500இல் தபலா, தம்புரா துணையோடு சாதகம் செய்யும் வசதி உண்டு. ஆனால் அது தொடக்க நிலைக் கருவி.

யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலையே 2019 முதல் சென்னைக்கு அருகே இயங்குகிறது. சிவகங்கை, மதுரை வட்டாரத்து உறுமி, தவில், பறைக் கலைஞர்களை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்துப் பதிவு செய்வது எந்த நிறுவனத்துக்கும் எளிது. ஸ்டைல் பட்டியலில் அந்தக் கலைஞர்களின் பெயரும் இருக்க வேண்டும்.