வெயிற்காலத்து மோட்டார் சைக்கிளும் மெய்ம்மறையும்

போர்க்களஞ் செல்லும் வீரன் உடம்பைக் காத்தற்பொருட்டு அணிந்த கருவியைப் பண்டைத் தமிழர் மெய்ம்மறை என்றும் அரணம் என்றும் வழங்கினர். பதிற்றுப்பத்திலே சேரமன்னன் தன் வீரர்க்கு மெய்ம்மறையாய் நிற்பவன் என்று போற்றப்படுகின்றான். வில்லும் வேலும் ஒழிந்த இக்காலத்தில் மெய்ம்மறைக்கு வேலையில்லை என்று கருதுவோமாயின் அது தவறாகும். இலங்கையிலே பதிவு செய்யப்பட்ட வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். ஆசிரியர், மாணவர், அலுவலர், கமக்காரர் என்னும் எல்லோரும் நாடோறும் அதன்மீதே செல்கின்றனர். அவர்களுக்கும் தார் வீதிக்கும் இடையே உள்ளது பெரும்பாலும் ஒரு மெல்லிய சட்டை மட்டுமே.

காப்பணி அணியாமைக்கு நம்மவர் கூறும் காரணம் இரண்டு. ஒன்று, "வெயில் தாங்க முடியவில்லை" என்பது. மற்றையது, "சந்திவரைக்குந்தானே போகின்றோம், மெதுவாகத்தானே போகின்றோம்" என்பது. இவ்விரண்டையும் பௌதிகத்தின் துணைகொண்டு ஆராய்ந்து, நம்மைப் போன்ற வெப்ப நாட்டார்க்கு ஏற்ற காப்பணி யாது என்பதைத் தெளிவாக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாவது காரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை நிலத்திலிருந்து ஏறக்குறைய 1.5 மீற்றர் உயரத்தில் உள்ளது. வண்டி ஓடாது நிற்கும்போதே அவர் சரிந்து விழுந்து, தலை தடையின்றி நிலத்தை அடையுமாயின், அது செக்கனுக்கு 5.4 மீற்றர், அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்துடன் மோதும். இவ்வேகத்தைத் தந்தது வண்டியன்று, புவியீர்ப்பே. ஆதலால், மெதுவாகச் செல்பவரின் தலைக்கும் விரைந்து செல்பவரின் தலைக்கும் நிலம் ஒரே கடினமுடையதுதான்.

இனிச் சறுக்குதலை நோக்குவோம். ஆடைக்கும் தார் வீதிக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகத்தை 0.7 எனக் கொண்டால், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வீழ்ந்தவர் 9 மீற்றர் தூரம் இழுபட்டுச் சென்று ஓய்வார். வேகம் 60 கிலோமீற்றராயின் அத்தூரம் 20 மீற்றராகும், காலம் 2.4 செக்கன். வேகம் ஒன்றரை மடங்காகத் தூரம் இரண்டேகால் மடங்காதலைக் கவனிக்க. சாதாரண பருத்திக் காற்சட்டை, 'டெனிம்' எனப்படும் தடித்த துணியாயினுங்கூட, இத்தகைய உராய்வை ஒரு செக்கன் நேரந்தானும் தாங்குவதில்லை. எஞ்சிய நேரத்திற்குத் தேய்வது தோலும் தசையுமே. விளையாட்டுக்குரிய மெல்லிய நைலோன் உடைகளோ இன்னும் தீயன. நைலோன் வகையுள் ஒன்று ஏறக்குறைய 220 பாகை செல்சியசில் உருகுவது. உராய்வு வெப்பத்தால் இளகிய துணி புண்ணுடன் ஒட்டிக்கொள்ளுமாயின் அதனை நீக்குதல் பெருந்துன்பமாகும்.

தலைக்கவசத்தின் வரலாறு ஈண்டுச் சுருங்கக் கூறற்பாலது. 1935 ஆம் ஆண்டு மே மாதம், 'அரேபிய லோரன்ஸ்' எனப் புகழ்பெற்ற ரீ. ஈ. லோரன்ஸ் இங்கிலாந்தின் டோர்செற் பகுதியிலே மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டார். தலையில் அடிபட்டு ஆறு நாள் நினைவிழந்து கிடந்து இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்வையிட்ட மருத்துவருள் ஒருவர் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான ஹியூ கெயன்ஸ் என்பவர். இவர் பின்னர் மோட்டார் சைக்கிள் விபத்துக்களை ஆராய்ந்து 1941 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைக்கவசத்துடன் விபத்துக்குள்ளானோர் எழுவரை மட்டுமே அவர் அதுவரை கண்டிருந்தார். எழுவரும் உயிர் பிழைத்திருந்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே பிரித்தானியப் படை தன் மோட்டார் சைக்கிள் வீரர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. 2008 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 வீதத்தாலும் தலைக்காய அபாயத்தை 69 வீதத்தாலும் குறைக்கின்றதெனக் கண்டது.

இக்கவசம் எவ்வாறு காக்கின்றது? வன்மையான வெளி ஓடு அடியைப் பரப்புகின்றது. உள்ளேயுள்ள பொலிஸ்தைரீன் நுரை நசுங்கி அடியை விழுங்குகின்றது. தலை நிற்பதற்கு எடுக்குந் தூரம் பத்து மடங்காகுமாயின், அதன்மீது தாக்கும் சராசரி விசை பத்திலொன்றாகும். ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆகவே, பலத்த அடிபட்ட கவசம் வெளியே பழுதின்றித் தோன்றினும் அதனை நீக்கிவிடுதல் வேண்டும். நாடியிற் பட்டி பூட்டப்படாத கவசம் விழுமுன்னரே தலையைவிட்டு நீங்கிவிடும். கண்ணாடித் தண்டிலோ முழங்கையிலோ தொங்கும் கவசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். அமைதியாய் இருக்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 100 உவாற்று வீதம் வெப்பத்தைப் பிறப்பிக்கின்றது. அவ்வெப்பம் வெளியேறாவிடின் உடல் சூடேறும். வெளியேறும் வழிகளுள் நமக்கு முக்கியமானவை இரண்டு: வீசுங் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்லுதல், வியர்வை ஆவியாதல். தோலின் வெப்பநிலை 33 முதல் 35 பாகை வரையுள்ளது. காற்று அதனினுங் குளிர்ந்ததாயின் முதல் வழி பயன் தரும். காற்று அதனினுஞ் சூடானதாயின் வீசுங் காற்று உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும். அப்பொழுது எஞ்சுவது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாதற்கு ஏறத்தாழ 2400 யூல் வெப்பம் வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 250 கிராம் ஆவியாகுமாயின் 6 இலட்சம் யூல், அஃதாவது 167 உவாற்று வீதம் வெப்பம் நீங்கும். எனவே ஒரு கோப்பை வியர்வை முறையாக ஆவியாவதே போதுமானது. அதனைத் தடுக்காத உடையே வேண்டுவது.

இதிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். வெறுந்தோலோடு செல்வது குளிர்ச்சி தரும் என்னும் எண்ணம் எக்காலத்தும் உண்மையன்று. வெறுந்தோலில் வெயில் நேரே படுகின்றது. சூடான வரண்ட காற்று, வியர்வையை விரைந்து அள்ளிச் சென்று உடலை நீரற்றதாக்குகின்றது. பாலைநில மாந்தர் உடல் முழுவதையும் தளர்ந்த ஆடையால் மூடிக்கொள்வது இக்காரணம் பற்றியே. நம் நாட்டிலும் இடத்துக்கிடம் நிலைமை வேறுபடும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கடற்காற்று ஈரமுடையது. ஆவியாதல் மெதுவாகவே நிகழும். இங்கே காற்றுத் தாராளமாகப் புகுந்து செல்லும் வலைத்துணி மேற்சட்டையே தக்கது. கண்டி வீதி வழியாக ஆனையிறவு கடந்து வன்னிக்கும் வவுனியாவுக்கும் நண்பகலிற் செல்வோரோ, சில நாட்களில் 36, 37 பாகை வரண்ட காற்றை எதிர்கொள்வர். அவர்கள் உள்ளே அணியும் பருத்திப் பனியனை நீரில் நனைத்துப் பிழிந்து அணிந்து, அதன்மேல் மேற்சட்டையின் காற்றுவழிகளை ஓரளவு மட்டும் திறந்து செல்வாராயின், அந்த நீர் மெல்ல ஆவியாகி நெடுநேரம் குளிர்ச்சி தரும்.

மேற்சட்டை தெரிவு செய்வோர் மூன்று குணங்களை நோக்குதல் வேண்டும். முதலாவது, துணியின் உறுதி. முற்றும் அகன்ற கண்ணுடைய வலையாலாய சட்டை குளிர்ச்சியானது. ஆயின் விழுந்தவிடத்து விரைவிற் கிழியும். மார்பிலும் முதுகிலும் வலையும், தோள், முழங்கை ஆகிய மோதுமிடங்களிலே தடித்த நைலோன் நெசவோ தோலோ அமைந்ததே சிறந்தது. தடித்த நைலோன் நெசவை முற்கூறிய மெல்லிய நைலோனோடு ஒன்றாக எண்ணற்க; நூலின் பருமனும் நெசவின் செறிவும் அதற்கு உறுதி தருவன. அரமிட் என்னும் இழை உருகும் இயல்பற்றது; அது சேர்ந்த காற்சட்டைகளும் இப்பொழுது கிடைக்கின்றன. 2020 ஆம் ஆண்டின் ஐரோப்பிய நியமம் 17092 ஆடைகளை வகுக்கின்றது. அதிகம் தேயும் இடங்களில் ஏ வகுப்பு மணிக்கு 45 கிலோமீற்றருக்கும், ஏஏ வகுப்பு 70 கிலோமீற்றருக்கும், ஏஏஏ வகுப்பு 120 கிலோமீற்றருக்கும் ஒப்பான சோதனையைத் தாங்கல் வேண்டும். நகரத்துள் உலாவுவார்க்கு ஏ வகுப்பும், நெடுந்தூரஞ் செல்வார்க்கு ஏஏ வகுப்பும் பொருந்தும். தையலும் நோக்கற்பாலது, ஓரிழைத் தையல் அறுமாயின் துணியின் உறுதியாற் பயனில்லை.

இரண்டாவது, அடிதாங்கிகள். தோள், முழங்கை, முழங்கால் ஆகியவற்றுக்கான அடிதாங்கியை ஐரோப்பிய நியமம் 1621 சோதிக்கின்றது. 50 யூல் சத்தியுள்ள அடி விழும்போது உள்ளே கடக்கும் சராசரி விசை முதற்படியில் 35 கிலோநியூற்றனையும், இரண்டாம் படியில் 20 கிலோநியூற்றனையும் மேற்படலாகாது. ஆகவே இரண்டாம் படியே மேலானது. வெப்ப நாட்டார் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. மென்மையான சில அடிதாங்கிகள் சூடேறுமிடத்து மேலும் இளகித் தம் ஆற்றலை இழப்பன. 40 பாகையிலும் சோதிக்கப்பட்டுத் தேறியவற்றில் 'ரீ பிளஸ்' என்னுங் குறி இடப்பட்டிருக்கும். அதனைப் பார்த்து வாங்குதல் நன்று.

மூன்றாவது, நிறம். வெளிர் நிறம் வெயிலைத் திருப்பியனுப்புவது. கறுப்பு அதனை உள்வாங்குவது. இதனோடு இன்னொரு நன்மையும் உண்டு. நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பகுதியில் நிகழ்த்தப்பெற்று 2004 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒளிதெறிக்கும் அல்லது பளிச்சிடும் உடை அணிந்தோர்க்கு விபத்துக் காய அபாயம் 37 வீதம் குறைவு எனவும், வெண்ணிறத் தலைக்கவசம் அணிந்தோர்க்குக் கறுப்பு அணிந்தோரினும் 24 வீதம் குறைவு எனவும் கண்டது. குளிர்ச்சியும் காப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இஃதொரு சான்று.

கையும் காலும் பெரிதும் புறக்கணிக்கப்படும் உறுப்புக்கள். விழுபவர் எவரும் தம்மையறியாமலே கையை ஊன்றுவர். ஆதலின் உள்ளங்கையே முதலிற் கிழிவது. எழுதுகோல் பிடித்து வாழ்வோர்க்கும் தொழிற்கருவி பிடித்து வாழ்வோர்க்கும் கை எத்துணை அரிது என்பதை விரித்துரைத்தல் வேண்டா. புறங்கையில் வலைத்துணியும் உள்ளங்கையில் தோலும் உடைய, மணிக்கட்டிற் பட்டி பூட்டும் கையுறை வெயிலிலும் அணிதற்கு இலகுவானது. செருப்பு முதற் சறுக்கலிலேயே கழன்றுவிடும். கணுக்காலை மூடும் சப்பாத்தே காப்பாகும். அவுஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிளோட்டிகளை ஆராய்ந்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காப்புக் காற்சட்டை அணிந்தோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் அபாயம் ஏறக்குறைய அரைவாசியாகவும், கையுறை அணிந்தோர்க்கு அதனினுங் குறைவாகவும் இருந்ததெனக் காட்டிற்று. அதே ஆய்வு, காப்பணிகளிற் காற்பங்குக்கு மேற்பட்டவை விபத்திற் கிழிந்து பயனற்றுப் போயின என்பதையும் காட்டிற்று. பெயரளவிற் காப்பணியாய் இருத்தல் போதாது. சோதனையில் தேறிய அடையாளம் வேண்டும் என்பது இதன் கருத்து. 2018 முதல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 'மோட்டோகாப்' என்னும் திட்டம் காப்பணிகளைச் சோதித்து, காப்புக்கு ஒரு மதிப்பீடும் வெப்பந்தாங்கும் வசதிக்கு இன்னொரு மதிப்பீடும் வழங்கி வருகின்றது. நம்மைப் போன்றோர்க்கும் அது நல்லதொரு வழிகாட்டியாகும்.

நம் சூழலுக்கே உரிய சில குறிப்புக்களை இனிக் கூறுவோம். ஸ்கூட்டரிற் செல்லும் ஆசிரியைமார் சேலையின் முந்தானையை மேற்சட்டையினுள் அடக்கிக்கொள்ளல் வேண்டும். காற்றிற் பறக்கும் முந்தானை சில்லிற் சிக்குமாயின் விளைவு கொடிது. பின்னே இருப்பவரின் சேலைக்குச் சில்லை மறைக்கும் தடுப்பு இன்றியமையாதது. உயரக் கட்டிய கொண்டைமேல் தலைக்கவசம் சரியாக அமராது. கூந்தலைக் கழுத்தளவிற் பின்னிவிடுதல் தக்கது. வேட்டி உடுத்துக் கோயிலுக்குச் செல்வோரும் வேட்டியின் தலைப்பைக் கவனித்தல் வேண்டும். பிள்ளைகளைத் தனியார் வகுப்புக்கு ஏற்றிச் செல்லும் பெற்றோர் தம் தலையைக் காத்து, முன்னே நிற்கும் பிள்ளையின் தலையை வெறுமையாய் விடுதல் நாடோறும் காணும் காட்சி. பெரியோரின் கவசம் பிள்ளைக்குப் பொருந்தாது. சிறிய அளவினதே வாங்குதல் வேண்டும்.

காப்பணி முழுவதும் ஒருங்கே வாங்குதல் எல்லோர்க்கும் இயலாது. அத்தகையோர் முதலில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் இலச்சினையுடைய, காற்றுத் துளையுள்ள, வெண்ணிற அல்லது வெளிர்நிறத் தலைக்கவசத்தையும், அடுத்துக் கையுறையையும் சப்பாத்தையும், பின்னர் மேற்சட்டையையும், ஈற்றிலே காற்சட்டையையும் வாங்கலாம். தலைக்கவசத்தைத் தலையில் இட்டு அசைத்துப் பார்க்கும்போது கன்னத்துத் தோலும் உடன் அசையுமாயின் அளவு சரியென்க. அதனைச் சுடுவெயிலிற் காயவிடுதலும், பெற்றோலாலோ வர்ணம் நீக்கும் திரவத்தாலோ துடைத்தலும் ஆகா. உள்ளுறையைக் கழற்றித் துவைத்து நிழலில் உலர்த்துக. நெடும்பயணத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திராது நீரோ மோரோ இளநீரோ அருந்துதலும், மரநிழலிற் சிறிது நின்று செல்லுதலும் காப்பணியின் ஒரு பகுதியே. தலைசுற்றலும் மயக்கமும் தோன்றிய பின்னர் வண்டியை ஓட்டுதல் தகாது.

வெயில் ஓர் இடையூறேயன்றித் தடையன்று. அதனை வெல்லும் வழி ஆவியாதல் பற்றிய அடிப்படை அறிவிலேயே அடங்கியுள்ளது. அவ்வறிவை நம் மாணவர் எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்களிற் படித்து, பரீட்சையில் விடையும் எழுதுகின்றனர். எழுதிய அறிவு உடம்பைக் காக்கும் அறிவாக மாறுதல் வேண்டும். மகாபாரதத்துக் கன்னன் தன் உடன்பிறந்த கவசத்தைக் கொடையாக ஈந்தான். அவனுக்குப் புகழாவது கிடைத்தது. வெயிலுக்கு அஞ்சிக் கவசத்தைக் கழற்றி வைப்பவர்க்கு அப்புகழும் இல்லை. கல்லூரி வாயிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும் ஆசிரியர் தலைக்கவசத்தின் பட்டியை அவிழ்ப்பதை மாணவர் காண்பாராயின், அவர் அன்று கற்பிக்கும் முதற் பாடம் அதுவேயாகும்.