உஷார்! அந்த நடு நட்டில் கை வைக்காதீர்கள்

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, போனில் வீடியோவை ஓடவிட்டு, ஷாக் அப்சார்பரைத் தானே மாற்றிவிடலாம் என்று இறங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சொல்ல வேண்டிய செய்தி இது. வேலையை ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். கார் இப்போது ஜாக்கியில் மட்டும் நிற்கிறதா? அடியில் கையோ தலையோ போகாமல் சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்குங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. திருமயம், நார்த்தாமலைப் பக்கத்துக் கல் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் ஓடி ஓடிக் கிராமச் சாலைகள் உடைந்து கிடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்தால் பள்ளம் எது, தார் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் வேகத்தடை. பலவற்றுக்கு வெள்ளைக்கோடு கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆல்டோவோ ஸ்விஃப்டோ ஆம்னியோ, ஒருநாள் முன்பக்கத்தில் 'லொட லொட' என்று பேச ஆரம்பிக்கும். டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஷெட்டில் கேட்டால் லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், புஷ், லிங்க் ராட், ஷாக் என்று பட்டியல் நீளும். அதே பாகங்கள் ஆன்லைனில் அறந்தாங்கிக்கும் பொன்னமராவதிக்கும் வீடு தேடி வருகின்றன. கூலி மிச்சம் என்று மனசு சொல்லும்.

அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கும் முன், நீங்கள் தொடப் போகிற பொருள் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜினை அணைத்தால் இன்ஜின் அடங்கிவிடும். பேட்டரி வயரைக் கழற்றினால் கரண்ட் போய்விடும். சஸ்பென்ஷனுக்கு அணைக்கிற சாவி கிடையாது. வாசலில் பூட்டி நிற்கிற காரிலும் நான்கு ஸ்பிரிங்குகளும் முழு வண்டியைச் சுமந்துகொண்டு அமுங்கித்தான் இருக்கின்றன. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரம் தொங்கிய பிறகும் ஸ்பிரிங் முழுதாக விரிந்துவிடாது. ஷாக்கோடு சேர்த்து, அதன் இயல்பான நீளத்தைவிடக் குறுக்கித்தான் அதை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இன்று நம் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் அமைப்பு. 1950-இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் உலகம் அதைப் பார்த்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம் ஊருக்கும் வந்துவிட்டது. ஷாக்கும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். இடம் குறைவு, செலவு குறைவு. ஆனால் தேய்ந்த ஷாக்கை மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் ஸ்பிரிங்கை அவிழ்த்தே ஆக வேண்டும். வீட்டில் செய்யும் இந்த வேலையின் பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பானெட்டைத் திறந்தால் இரு ஓரத்திலும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். பல கார்களில் சுற்றிலும் இரண்டு, மூன்று சிறிய நட்டுகள், நடுவில் ஒரு பெரிய நட்டு. சுற்றியுள்ளவை ஸ்ட்ரட்டைக் காரின் உடம்போடு பிடித்திருப்பவை. நடுவில் இருப்பது ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது. வீடியோவில் ஆள் பேசுகிற வேகத்தில் எது எது என்று குழம்பி, பெரிதாக, வாகாக இருக்கிறதே என்று நடு நட்டைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் அந்த ஸ்பிரிங்கின் விலங்கைத் தளர்த்துகிறீர்கள். கடைசிப் புரி விடும்போது உங்கள் முகம் நேர் மேலே இருக்கும்.

எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்னக் காரின் முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ அழுத்தம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் தலையில் உள்ள தட்டைக் கழற்றுவதற்காக ஸ்பிரிங்கை 15 சென்டிமீட்டர் அமுக்கினால் 300 கிலோ அளவுக்கு விசை உள்ளே அடைபட்டிருக்கிறது. அது ஒரே நொடியில் விடுபடுவது, அரை மூட்டை சிமென்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து உங்கள் மேல் போடுவதற்கு ஏறக்குறையச் சமம். சிமென்ட் மூட்டைக்காவது அகலம் உண்டு. ஸ்பிரிங்கின் முனையும் தட்டின் விளிம்பும் விரல் அகலம்தான். தாடை, கண், நெற்றி, விரல்கள் என எது வழியில் இருக்கிறதோ அதன் மேல் அத்தனையும் இறங்கும்.

ஸ்பிரிங் அமுக்கி என்று கொக்கி வைத்த இரண்டு திருகுக் கம்பிகள் ஆன்லைனில் விற்கிறார்கள். அது இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். இரண்டும் நேர் எதிர் எதிராக உட்கார வேண்டும். இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். ஒரு பக்கம் கூடிப்போனால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கி வழுக்கும். மலிவான அமுக்கியின் புரி சுமையில் நசுங்கும். இம்பாக்ட் கன் வைத்து முடுக்கினால் இன்னும் சீக்கிரம் போகும். அமுக்கி கிடைக்காமல் கட்டுக்கம்பி, கயிறு, பைக் செயின் என்று ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டு நட்டைக் கழற்றும் வழக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

சில பெரிய வண்டிகளில் ஸ்பிரிங் மேலும் கீழும் உள்ள இரண்டு ஆர்ம்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அங்கே பால் ஜாயின்ட்டைக் கழற்றுவதே ஸ்பிரிங்கை அவிழ்ப்பதாகிவிடும். லோயர் ஆர்முக்கு முட்டு இல்லாமல் ஜாயின்ட் விடுபட்டால் ஆர்ம் கீழே அறைந்து ஸ்பிரிங் வெளியே பாயும்.

அடுத்தது ஜாக்கி. காரோடு கம்பெனி கொடுக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். ஆல்டோ போன்ற சின்னக் காரே முக்கால் டன் வரும். சஸ்பென்ஷன் வேலை என்பது இறுகிய போல்ட்டை நீட்டுக் குழாய் மாட்டி இழுப்பது, லோயர் ஆர்மைக் கடப்பாரையால் நெம்புவது, சுத்தியலால் அடிப்பது. ஒவ்வொரு இழுப்பும் காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. நம் ஊர் வாசல்களோ சரளை பரப்பிய செம்மண். முந்தின நாள் மழை பெய்திருந்தால் ஜாக்கியின் அடி மெதுவாக இறங்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. டைல்ஸ் போட்ட போர்டிகோ என்றால் தெருப்பக்கம் சரிவு இருக்கும். செங்கல், ஹாலோ பிளாக், செம்பாறாங்கல் முட்டுக் கொடுப்பது ஏமாற்றுகிற வேலை. கல் வளைந்து எச்சரிக்காது, ஒரே அடியாக நொறுங்கும்.

'கியரில் போட்டிருக்கிறேன், வண்டி உருளாது' என்பார்கள். இதைக் கவனமாகக் கேளுங்கள். முன்சக்கரம் ஓட்டும் காரில் கியர் பிடிப்பது முன்சக்கரங்களைத்தான். அதில் ஒன்றை மட்டும் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருள விட்டுவிடும். டிஃபரன்ஷியலின் இயல்பே அது. பின்பக்கத்தைத் தூக்கினாலோ, பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அந்தப் பிடி போய்விடும். ஆகவே தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடைத்தே தீர வேண்டும். சிமென்டுத் தரை, ஜாக்கி தூக்கியதும் பாடிக்கு அடியில் நல்ல இரும்பு ஸ்டாண்டு, கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்க வைப்பது: இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டிக்கு அடியில் உடம்பு போகக் கூடாது.

ஸ்டாண்டு வாங்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற கடை நிறுவனம் தான் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பிடிக்கும் பற்கள் சரியாகக் கவ்வாமல், சுமையோடு திடீரென்று இறங்கிவிடும் என்பது குறை. பதிலுக்குக் கொடுத்த சிலவற்றிலும் வெல்டிங் கோளாறு தெரிந்து, அதே ஆண்டில் அவற்றையும் திரும்பக் கேட்டார்கள். இங்கே பெயரோ தாங்கும் எடையோ பொறிக்காமல், பட்டறையில் குழாயை வெட்டி ஒட்டிய ஸ்டாண்டுகள் கிடைக்கின்றன. அவற்றைத் திரும்பக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் சட்டப்படியான தரம் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே என்ற எச்சரிக்கை அதன் மேலேயே இருக்க வேண்டும். வீட்டு வாசல்களில் ஆட்கள் செத்த பிறகு எழுதிய விதிகள் அவை.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், மணமேல்குடிப் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்று பட்டு போல்ட்டும் புஷ்ஷின் இரும்புச் சட்டையும் ஒன்றாகக் கவ்விக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கே துரு தின்று மெலிந்திருக்கலாம். அமுக்கி போடும்போது உடையும். போல்ட் வரவில்லை என்று கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டுகிறவர்கள், பக்கத்தில் இருக்கும் ஷாக்குக்குள் எண்ணெயும், பலவற்றில் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயுவும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கிற இரும்புத் துணுக்குக்குக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும். வெயில் கண்ணாடி போதாது.

ஆபத்து எதுவும் இல்லாமல் மாட்டி முடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் ஆபத்து சாலையில் காத்திருக்கிறது. கழற்றிய நைலான் பூட்டு நட்டையும் ஸ்பிலிட் பின்னையும் மறுபடி மாட்டினால், குலுக்கலில் அவை தளரும். பால் ஜாயின்ட் நட்டு விடுபட்டால் சக்கரம் அப்படியே மடங்கிப் படுக்கும். அது கீரனூர் தாண்டித் திருச்சி சாலையில் எண்பதில் போகும்போது நடந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுதாக முடுக்கிவிடுவது இன்னொரு தவறு. கார் தரையில் உட்கார்ந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதி முடுக்கு, அதுவும் அந்தக் காருக்குச் சொன்ன அளவில், டார்க் ரென்ச்சால். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிட்டிருந்தால் ஹோஸ் உள்ளே கிழிந்திருக்கலாம். பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தால் முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

அப்படியானால் வீட்டில் எதுவுமே கூடாதா? பார்ப்பது கூடும், பார்க்கத்தான் வேண்டும். சக்கரத்தை மாட்டியபடியே ஸ்டாண்டில் நிறுத்தி, வெளியே உட்கார்ந்து மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டின் ஆட்டமும், இடமும் வலமும் ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டமும் கைக்குத் தெரியும். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, கிழிந்த ரப்பர், தேய்ந்த டயர் ஓரம் எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். லிங்க் ராட் மாற்றுவது, மேலே சொன்ன முட்டுகளெல்லாம் இருந்தால், கை பழகியவர் செய்யக்கூடியதே. ஸ்ட்ரட் மட்டும் ஷெட்டுக்குப் போகட்டும். அங்கேயும் கேளுங்கள்: "அண்ணே, ஸ்பிரிங்கை எதில் வைத்து அமுக்குவீங்க?" மேசையில் பதித்த அமுக்கியைக் காட்டினால் விடுங்கள். செயினைக் காட்டினால் வேறு ஷெட் பாருங்கள். அந்தச் செயின் பக்கத்தில் நிற்கிற பொடியனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள். கறம்பக்குடியிலோ இலுப்பூரிலோ அமுக்கி இல்லையென்றால், புதுக்கோட்டை நகரம்வரை மெதுவாக ஓட்டிப் போங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், ஏற்றி அனுப்புங்கள்.

தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், ஜாக்கி அடிக்கவும் கூப்பிடாதீர்கள். கார் யார் மேலாவது இறங்கிவிட்டால் காலைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டாம். இன்னொரு ஜாக்கியாலோ ஆட்களைக் கூட்டியோ எடையை முதலில் தூக்குங்கள், அதே நேரத்தில் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணில் இரும்புத் துணுக்கு பட்டால் தேய்க்காமல், பிடுங்காமல், லேசாக மூடி நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழற்றிய பழைய ஷாக்கைக் காயலான் கடைக்குப் போடும்போது அதன் மேல் பெயின்டால் 'கேஸ்' என்று எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் அதைக் கட்டரில் வைத்து வெட்டுவதற்கு முன் படிக்கட்டும்.