அந்திக்குப் பின் மின்சாரம்

2022 ஏப்ரல் இறுதியில் நூற்றுக்கணக்கான பயணி வண்டிகள் ரத்துச் செய்யப்பட்டதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கோடையில் மின்சாரத் தேவை பெருகிற்று. அனல் மின் நிலையங்களில் கரி இருப்புக் குறைந்தது. கரி ஏற்றிய கூட்ஸ் வண்டிகள் விரைந்து செல்லவேண்டி, பயணிகள் வழிவிட நேர்ந்தது. வீட்டு விசிறிக்கும் ஊர்ப் பயணத்திற்கும் உள்ள தொடர்பை ரயில்வேயில் பணிபுரியும் நாங்கள் அன்று கண்கூடாகக் கண்டோம்.

தேவையோ ஆண்டுதோறும் வளர்கிறது. 2024 மே 30 அன்று அது 2,50,000 மெகாவாட்டை எட்டியது. கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைச் சாராத மின் திறனை 2030-க்குள் 5,00,000 மெகாவாட்டாக உயர்த்துவதென்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு அறிவித்தது. 2025 ஜூனில் மொத்தத் திறனில் சரிபாதி அவ்வாறு அமைந்துவிட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்தியே.

ஆயினும் ஏரியின் கொள்ளளவு வேறு, அதில் நிற்கும் நீர் வேறு அன்றோ? 2024-இல் விளைந்த மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் நிலக்கரியே தந்தது. ராஜஸ்தானத்துப் பாட்லாவில் 2,245 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா உண்டு. பொழுது சாய்ந்தால் அது உறங்கிவிடும். முப்பந்தல் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றில் விரைந்து சுழலும். பிற மாதங்களில் தளரும். நாம் விளக்கேற்றுவதோ கதிரவன் மறைந்த பின்னரே. இந்த நேர முரண்பாட்டைத் தீர்ப்பதே உண்மையான சவால்.

அதற்கு ஒரு வழி, நீரைச் சேமிப்பாக்குவது. மின்சாரம் மிகும் வேளையில் கீழ்த் தேக்கத்து நீரை மேல் தேக்கத்திற்கு ஏற்றிவைத்து, தேவை மிகும் வேளையில் இறக்கி மின்சாரம் எடுப்பர். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட், மேற்கு வங்கத்துப் புருலியாவில் 900 மெகாவாட் திறனில் இம்முறை நடைபெறுகிறது. ஏற்றச் செலவிடும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திரும்ப வாராது. எனினும் பகலில் மிஞ்சியது முழுவதும் பாழாவதைவிட இது மேலன்றோ?

2023-24-இல் ரயில்வே ஏற்றிய சரக்கில் ஏறத்தாழப் பாதி நிலக்கரி. அது குறைந்தால் எங்கள் துறையின் வருவாயும் குறையும். ஆதலின் மாற்றம் வேண்டும். ஆனால் அதற்கு ஈடான வேறு சரக்கையும் இன்றே தேடவேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இல்லங்களின் பங்கும் உண்டு. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குப் பகலில் குறைந்த கட்டணமும், தேவை மிகும் வேளையில் கூடுதல் கட்டணமும் விதிக்க 2023-இல் மத்திய அரசு விதி வகுத்தது. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைப் பகலிலேயே இயக்குவோம். அந்தி மின்சாரம் அடுப்படிக்கும் பிள்ளைகளின் படிப்பிற்கும் இருக்கட்டும்.