வார்டு ரவுண்ட்ஸுக்கு மார்க் உண்டா சார்?

காலை எட்டு மணி. மெடிசின் வார்டு. ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டுகள். ஸ்டெத்தை எடுக்கப் போன மாணவரை சார் தடுக்கிறார். "இருப்பா... முதல்ல பாட்டியோட கையைப் பிடிச்சுப் பாரு. நகம் எப்படி இருக்கு? கண்ணைக் கீழே இழுத்துப் பாரு. இப்ப சொல்லு." மாணவர் பார்க்கிறார். எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. இரத்தசோகை! புத்தகத்தில் பத்து தடவை படித்தும் மண்டையில் ஏறாதது, அரை நிமிஷத்தில் ஏறிவிடுகிறது.

இப்படி ஒரு சாரோ மேடமோ எல்லா மெடிக்கல் காலேஜிலும் இருப்பாங்க. சரி, ஒரு சின்னக் கேள்வி. நல்லா சொல்லிக் கொடுத்ததுக்காக அவருக்கு பிரமோஷன் கிடைக்குமா?

கிடைக்காதுங்க! அப்புறம் எதைப் பார்த்துத்தான் கொடுக்கிறாங்க?

ஏணியில் ஏறுவது எப்படி?

மெடிக்கல் காலேஜ் ஆசிரியர்களுக்கான தகுதிகளை முன்பு இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்தது. 2020 செப்டம்பரில் அந்த வேலை தேசிய மருத்துவ ஆணையத்தின் கைக்குப் போனது. ஆணையம் 2022-ல் போட்ட விதிப்படி, மெடிசின், சர்ஜரி மாதிரியான துறைகளில் எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்து, ஒரு வருஷம் சீனியர் ரெசிடென்ட்டாக இருந்தால் உதவிப் பேராசிரியர். அதில் 4 வருஷம், கூடவே 2 ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருந்தால் இணைப் பேராசிரியர். இன்னும் 3 வருஷம், மொத்தம் 4 கட்டுரைகள் என்றால் பேராசிரியர்.

இதோடு இரண்டு கோர்ஸ்களும் உண்டு. ஒன்று ஆராய்ச்சி செய்வது எப்படி, மற்றொன்று பாடம் நடத்துவது எப்படி. ஆராய்ச்சி கோர்ஸை ஆன்லைனில் நடத்துவது நம்ம சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்தான்.

கவனிச்சீங்களா? பாடம் நடத்தும் கோர்ஸுக்குப் போனாரா என்று கேட்கிறார்கள். நன்றாகப் பாடம் நடத்துகிறாரா என்று கேட்கவில்லை!

பேப்பர் படுத்தும் பாடு

கட்டுரை என்றால் எதுவும் செல்லாது. குறிப்பிட்ட பட்டியல்களில் உள்ள ஜர்னலில் வந்திருக்க வேண்டும். வார்டில் பார்த்த ஒரே ஒரு அபூர்வ நோயாளியைப் பற்றி எழுதினால் கணக்கில் வராது. 2015-ல் வந்த உத்தரவோ, ஆன்லைனில் மட்டும் வரும் ஜர்னல்களே செல்லாது என்றது. மருத்துவ இதழாசிரியர்கள் கொதித்துப் போனார்கள்.

எதை எண்ணுகிறோமோ, அதற்குத்தான் எல்லோரும் ஓடுவார்கள். ஓ.பி.யில் கூட்டம் அலைமோதும் துறையில் இருப்பவருக்குக் கட்டுரை எழுத நேரம் ஏது? காசு கொடுத்தால் போட்டுவிடும் டுபாக்கூர் ஜர்னல்கள் முளைப்பதும், வேலையே செய்யாதவரின் பெயர் கட்டுரையில் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

அப்ப ஆராய்ச்சியே வேண்டாமா?

அய்யய்யோ, அப்படிச் சொல்லவே இல்லை! காசநோய் வந்தவரை சானடோரியத்தில் சேர்க்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தில், 1956-ல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவுக்குக் குணமாகும் என்று 1959-ல் நிரூபித்தது. அதற்குப் பிறகு உலகமே காசநோய் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. நோயாளியின் கஷ்டத்திலிருந்து பிறந்த கேள்வி அது. பிரமோஷன் ஃபைலுக்காகப் பிறக்கும் கேள்வி அந்த உயரத்துக்குப் போகுமா?

அமெரிக்காவில் எர்னஸ்ட் பாயர் என்ற கல்வியாளர் 1990-லேயே, கண்டுபிடிப்பது மட்டுமல்ல, கற்பிப்பதும் புலமைதான் என்று வாதாடினார். அங்கே பல மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சையும் கற்பித்தலுமே பிரதானமாக இருப்பவர்களுக்குத் தனிப் பாதை உண்டு. உருவாக்கிய பாடங்கள், மாணவர்களின் கருத்து, சக ஆசிரியர்களின் மதிப்பீடு எல்லாவற்றையும் ஃபைலாகத் தொகுத்து நீட்டலாம்.

இங்கேயும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025-ல் வந்த புது விதிப்படி, 220 படுக்கைகளுக்கு மேல் உள்ள அரசு மருத்துவமனைகளில் 10 வருஷம் வேலை பார்த்த ஸ்பெஷலிஸ்ட்கள் இணைப் பேராசிரியர் ஆகலாம். ஆராய்ச்சி கோர்ஸை இரண்டு வருஷத்துக்குள் முடித்தால் போதும். நோயாளிகளோடு கழித்த வருஷங்களுக்கு மதிப்பு வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் கற்பிக்கும் திறமை? அது இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? நாளைக்கு உங்க வீட்டுப் பாட்டியின் நகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கப் போகிறவர், இன்று அந்தக் கட்டிலருகே நிற்கும் மாணவர்தானே! அதனால மெடிகோஸ்... அடுத்த தடவை ஃபீட்பேக் ஃபாரம் கையில் வந்தால், எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து வீசிவிட்டுப் போகாதீங்க. அந்த சார் சொல்லிக் கொடுத்தது என்ன என்று நாலு வரி எழுதுங்க. இப்போதைக்கு அவருக்குக் கிடைக்கிற மார்க் அது ஒண்ணுதான்!