‘எழுத்தாளர்களின் கண்ணீர்’ விஸ்கி: சிரிப்புக்குப் பின்னால் ஒரு வத்தலகுண்டு கணக்கு!

‘ரைட்டர்ஸ் டியர்ஸ்’. தமிழில் சொன்னால், எழுத்தாளர்களின் கண்ணீர். இது நாவல் பெயர் இல்லை, ஒரு அயர்லாந்து விஸ்கியின் பெயர். எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு வந்தால் கிண்டலுக்குக் குறைவே இருக்காது. ‘மூலப்பொருள் நம்ம வீட்டிலேயே கிடைக்குமே’, ‘ராயல்டி வரட்டும், வாங்கிடலாம்’ என்று ஜோக்குகள் பறக்கும்.

அந்த ராயல்டி ஜோக்கில்தான் விஷயமே இருக்கு. அதைப் புரிந்துகொள்ள டப்ளின் போக வேண்டாம். திண்டுக்கல்லில் பஸ் ஏறி வத்தலகுண்டு போனால் போதும்.

பெயர் எப்படி வந்தது?

வால்ஷ் விஸ்கி நிறுவனம் 2009-ல் அறிமுகப்படுத்திய விஸ்கி இது. ஐரிஷ் எழுத்தாளர்கள் அழுதால் கண்ணீருக்குப் பதில் விஸ்கிதான் வழியும் என்பது பாட்டிலோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை. எழுத வராத தவிப்பு, அதற்கு மருந்தாகக் குடி என்ற பழைய ரொமான்டிக் பிம்பம்தான் இங்கே சரக்கு. ஆனால், நம்ம ஊர் எழுத்தாளர்களின் கண்ணீருக்குக் காரணமே வேறு.

வத்தலகுண்டில் அப்படி என்ன?

தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர்.ராஜம் ஐயர் இந்த ஊர்க்காரர். 1898-ல் இறந்தபோது அவருக்கு வயது 26. 1930-களில் ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக நடத்திய பி.எஸ்.ராமையாவுக்கும் இதே ஊர்தான்.

மூன்றாமவர் சி.சு.செல்லப்பா. ஜல்லிக்கட்டை வைத்து ‘வாடிவாசல்’ எழுதியவர். 1959-ல் ‘எழுத்து’ என்ற பத்திரிகையைச் சொந்தப் பணத்தில் தொடங்கினார். 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டே ஆரம்பித்தார். அந்த எல்லையை விற்பனை தொடவே இல்லை. ஆனாலும், தமிழில் புதுக்கவிதை காலூன்றியது அந்தப் பத்திரிகையில்தான். பத்திரிகை 1970-ல் நின்றுபோனது.

புத்தகம் போட்டும் பார்த்தார். கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் அவரே விற்றார். ‘சுதந்திர தாகம்’ என்ற மூன்று பாக நாவலை, கிட்டத்தட்ட 85 வயதில், சொந்தமாகவே வெளியிட்டார். அதற்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது 2001-ல். செல்லப்பா இறந்தது 1998-ல். ஐரிஷ் விஸ்கிக்குச் சட்டப்படி மரப்பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் ஊறல். தமிழ் எழுத்தாளருக்கு அது போதாது போல!

இப்போ நிலைமை மாறிடுச்சா?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். தமிழ்ப் பதிப்புலகில் ராயல்டி வழக்கமாக 10 சதவீதம் அளவில்தான் பேசப்படுகிறது. புத்தகத்தின் விலை 200 ரூபாய் என்றால் எழுத்தாளருக்கு 20 ரூபாய். ஆயிரம் பிரதி விற்றால் 20,000 ரூபாய். ஒரு நாவல் எழுத இரண்டு வருஷம் ஆகிறது என்று வைத்தால், மாசத்துக்கு 833 ரூபாய்தான் வருது. திண்டுக்கல்லில் நண்பர்களோடு ஒருமுறை பிரியாணி சாப்பிட்டால் அது காலி. அதனால்தான் பெரும்பாலான தமிழ் எழுத்தாளர்கள் பேங்க், பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், சினிமா என்று வேறு ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதுகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

‘வாடிவாசல்’ இன்று பல பதிப்புகள் கண்டு, ஆங்கிலத்திலும் கிராஃபிக் நாவலாகவும் கிடைக்கிறது. இறக்குமதி விஸ்கி ஒரு பாட்டில் வாங்கும் காசில் இதுபோல ஒரு பை நிறைய புத்தகம் வாங்கலாம். அடுத்த தடவை டெலிகிராம் குரூப்பில் ஏதாவது ஒரு நாவலின் திருட்டு பிடிஎஃப் வந்தால், ஃபார்வர்டு பண்ணும் முன் ஒன்றை மட்டும் ஞாபகம் வைங்க: அதில் எழுத்தாளருக்கு அந்த 20 ரூபாய்கூட கிடையாது.