பழைய புரோநோட்டு கைமாறி வந்தால்...

அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வரும் நாட்களில், பழைய புரோநோட்டுகளும் பெட்டியை விட்டு வெளியே வருகின்றன. உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் அவசரத்தில் வாங்கிய சிறு கடன் அது. கொடுத்தவர் உள்ளூர்க்காரர். ஆனால் வசூலுக்கு வருபவர் முன்பின் தெரியாத வேறொருவர். "அந்த நோட்டை நான் வாங்கிவிட்டேன். முதலும் வட்டியும் எனக்குத்தான் தரவேண்டும்" என்கிறார் அவர். பயந்துபோய் விதைநெல்லை விற்றுக் கொடுப்பவர்களும் உண்டு. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, செத்துப்போன கடனுக்கு உயிர் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே நஷ்டம். இந்த விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை விவசாயிகள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மேடோவர் என்றால் என்ன?

புரோநோட்டு கைமாறக்கூடிய பத்திரம். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. நோட்டு வைத்திருப்பவர் அதன் பின்புறத்தில் இன்னாருக்கு மாற்றிக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு நோட்டையும் ஒப்படைத்துவிட்டால், பணத்தைக் கேட்கும் உரிமை புதியவருக்குப் போய்விடும். இதையே கோர்ட்டு வழக்கில் மேடோவர் என்கிறார்கள். இதற்குக் கடன் வாங்கியவரின் சம்மதம் தேவையில்லை. எனவே "உன்னிடம் நான் கடன் வாங்கவில்லையே" என்ற பதில் மட்டும் கோர்ட்டில் செல்லாது.

ஆனால் வெறும் வாய்ச்சொல்லும் மேடோவர் ஆகாது. வந்தவரிடம் அசல் நோட்டைக் காட்டும்படி முதலில் கேட்க வேண்டும். நகலைக் காட்டினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. நோட்டின் தேதி, தொகை, வட்டி விகிதம், ரெவின்யூ ஸ்டாம்பு, அதன்மேல் உள்ள கையெழுத்து ஆகியவற்றையும், பின்பக்கத்தில் மேடோவர் எழுத்தையும், இதுவரை வரவு வைத்த தொகைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் இருபுறமும் படம் எடுத்துக்கொள்வது பிற்காலத்தில் உதவும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டாத நோட்டைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்பதில்லை. பிறகு அபராதம் கட்டியும் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது.

மூன்று வருஷக் கணக்கு

கேட்டவுடன் தருவதாக எழுதிய சாதாரண புரோநோட்டுக்கு, அதை எழுதிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் விதித்துள்ள கெடு இது. உதாரணமாக, ஒருவர் 12-8-2022 அன்று 20,000 ரூபாய்க்கு நோட்டு எழுதிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் வழக்குப் போடக் கடைசி நாள் 12-8-2025. அந்த நோட்டு 2025 ஜனவரியில் வேறொருவருக்கு மேடோவர் ஆகியிருந்தாலும் கெடு மாறாது. வாங்கியவர் வாங்கிய தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் எண்ண முடியாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

மிகப் பழைய நோட்டுகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. கொரோனா காலத்தை முன்னிட்டு 15-3-2020 முதல் 28-2-2022 வரையிலான நாட்களைக் கெடுவில் சேர்க்க வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த ஆண்டுகளைத் தொட்ட நோட்டுகளுக்கு இதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நிலத்தை ஈடு வைத்து ரிஜிஸ்டர் செய்த அடமானக் கடனுக்கோ கெடு 12 வருஷம். அதையும் புரோநோட்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

கெடு எப்படி நீள்கிறது?

கெடு முடியுமுன் ஒரு தொகையைக் கட்டி, நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதி, கட்டியவர் கையெழுத்தும் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் தொடங்குகிறது. மேற்சொன்ன நோட்டில் 5-3-2024 அன்று 2,000 ரூபாய் கட்டிக் கையெழுத்திட்டிருந்தால் கெடு 5-3-2027 வரை நீண்டுவிடும். பணமே கட்டாமல், கடன் பாக்கி இருப்பதாகக் கெடுவுக்குள் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்துக்கும் இதே பலன் உண்டு.

கெடு முடிந்தபின் நிலைமை வேறு. அதன்பிறகு வரவு எழுதுவதால் மட்டும் கடன் உயிர்பெறாது. ஆனால் பழைய கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது புதிய ஒப்பந்தமாகிவிடும். நோட்டை விலைக்கு வாங்கியவர்கள் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். "பழையதைக் கிழித்துப் போடுகிறேன், வட்டியையும் முதலோடு சேர்த்து ஒரு புது நோட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று இதமாகப் பேசுவார்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் 20,000 ரூபாய் கடன் 40,000 ஆகும். கெடுவும் முதலிலிருந்து ஆரம்பமாகும். வக்கீலைக் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கக் கூடாது.

கெடு கடந்துவிட்டால் கடன் இல்லவே இல்லை என்று பொருள் அல்ல. கோர்ட்டு மூலம் வசூலிக்கும் வழி அடைபட்டுவிட்டது என்பதே பொருள். மனமுவந்து கொடுப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. அது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஆனால் அந்த முடிவை மிரட்டலுக்குப் பயந்து எடுக்கக் கூடாது.

கட்டிய பணத்துக்கு ஆதாரம்

நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். 20,000 ரூபாய்க்கு மாதம் 600 ரூபாய். இருபது மாதம் கட்டியவர் 12,000 ரூபாய் கொடுத்திருப்பார். ஆனால் அது எங்கும் எழுதப்படாமல் இருந்தால், நோட்டை விலை கொடுத்து வாங்கியவர் "எனக்கு அது தெரியாது" என்று கைவிரித்துவிடுவார். கோர்ட்டிலும் கையெழுத்தை ஒப்புக்கொண்டபின் பணம் கைக்கு வரவில்லை என்றோ, கட்டித் தீர்த்தாயிற்று என்றோ காட்டும் பொறுப்பு கடன் வாங்கியவர் தலையில்தான் விழும்.

ஆகவே ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும், பெற்றவர் கையெழுத்திட்ட ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது. பழகிய ஆள் என்றாலும் பணம் கொடுக்குமுன் அசல் நோட்டு அவர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நோட்டு கைமாறிய பிறகு பழைய ஆளிடம் கட்டினால் கடன் தீராது. பைசல் செய்யும் அன்றே நோட்டையும் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

தொகையோ தேதியோ நிரப்பாத வெற்று நோட்டில் கையெழுத்துப் போடுவது பெரிய ஆபத்து. ஸ்டாம்பு ஒட்டிய வெற்று நோட்டில் கையெழுத்திட்டவர், அதைப் பூர்த்தி செய்துகொள்ள அதிகாரம் கொடுத்தவராகவே சட்டத்தில் கருதப்படுவார். அதற்கு மாறாக, பூர்த்தி செய்து கொடுத்த நோட்டில் தேதியையோ தொகையையோ சம்மதமின்றித் திருத்தினால் அந்த நோட்டு அவருக்கு எதிராகச் செல்லாது. அதை மெய்ப்பிக்க, எழுதிய அன்றே எடுத்து வைத்த நகல்தான் கைகொடுக்கும்.

நோட்டீசும் சம்மனும்

வக்கீல் நோட்டீசு வந்தால் வாங்க மறுப்பதில் பயனில்லை. பதில் அனுப்புவது நல்லது. ஆனால் அந்தப் பதிலில் "விரைவில் தந்துவிடுகிறேன்" என்று தானாக எழுதிவிடக் கூடாது. அதுவே கடனை ஒப்புக்கொண்ட கடிதமாகிவிடும்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் 30 நாளைக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட்டின் அனுமதியோடு இதை 90 நாள் வரை நீட்டலாம். கெடு கடந்த கடன்தானே என்று வீட்டில் இருந்துவிட்டால் ஒருதலையாக டிகிரி ஆகிவிடக்கூடும். டிகிரி ஆகிவிட்டால் அதை நிறைவேற்ற 12 வருஷம் அவகாசம் உண்டு. கடன் உண்மையானது, கெடுவும் இருக்கிறது என்றால், தவணையில் கட்ட அனுமதிக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம்; லோக் அதாலத்தில் சமரசமும் பேசலாம்.

மிரட்டினால் என்ன செய்வது?

கோர்ட்டு உத்தரவு இல்லாமல் மாட்டை அவிழ்க்கவோ, மோட்டாரைக் கழற்றவோ, களத்து நெல்லை அள்ளவோ எவருக்கும் அதிகாரமில்லை. டிகிரியின் பேரில் ஜப்தி வந்தாலும், உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட்டு கருதும் மாடுகள், விதைநெல், விவசாயி குடியிருக்கும் சொந்த வீடு ஆகியவற்றுக்குச் சிவில் நடைமுறைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் சம்மனை அலட்சியம் செய்யக் கூடாது என்பது.

தகப்பனார் வைத்துவிட்டுப் போன கடனுக்கு, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. பிள்ளையின் சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது.

தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டின் அதிக வட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கடன் வழங்கும் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. மிரட்டல் வந்தால் வந்தவர் பேர், தேதி, நேரம், சாட்சிகள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, போலீசு நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெற வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் தாலுகா கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருகிறார்கள். 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் விசாரிக்கலாம்.

வசூலுக்கு ஆள் வந்த அன்றே பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நோட்டைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொண்டு, "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிடலாம். வக்கீலைப் பார்த்துவிட்டு வர ஒரு நாள் போதும். அவசரத்தில் போட்ட கையெழுத்துக்கு மூன்று வருஷம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.