வங்கி முழுகினால் யார் பணம் போகும்?

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் சரக்கு எடுக்கும் ஒரு லாரிக்காரருக்கு டீசல், டிரைவர் படி, ஏற்றுக்கூலி என்று 25,000 ரூபாய் ஒரு வாரத்துக்குக் கூடத் தாங்காது. 2020 நவம்பர் 17 மாலை, லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரு மாதத்துக்கு அவ்வளவுதான் எடுக்கலாம் என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. கல்யாணம், வைத்தியச் செலவு மாதிரியான அவசரங்களுக்கு மட்டும் விலக்கு. 1926இல் கரூர் வணிகர்கள் தொடங்கிய வங்கி அது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு அதை இணைத்தார்கள். கட்டுப்பாடு நீங்கியது. டெபாசிட் போட்டவர் எவருக்கும் ஒரு பைசா குறையவில்லை.

என்னை வியக்க வைப்பது இதுதான். அந்த வங்கி கொடுத்திருந்த கடனில் நூற்றுக்கு 24 ரூபாய்க்கு மேல் வாராக்கடன். அவ்வளவு நஷ்டமும் எங்கே போயிற்று?

வங்கி நம் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுத்துவிடுகிறது. அப்படிக் கொடுப்பதில் பெரும்பகுதி டெபாசிட்காரர் பணம். கொஞ்சம் பங்குதாரர் போட்ட மூலதனம், கொஞ்சம் பத்திரம் விற்றுத் திரட்டியது. கடன் திரும்பாவிட்டால் முதலில் கரைவது மூலதனம், அடுத்து பத்திரக்காரர் பணம். அதற்கும் பிறகுதான் டெபாசிட்டில் கை வைக்க வேண்டும். லட்சுமி விலாஸ் வங்கியின் மூலதன விகிதம் 2020 செப்டம்பர் முடிவில் மைனஸ் 2.85 சதவீதம், அதாவது முதல் அடுக்கு ஏற்கெனவே காலி. அதனால் இணைப்பின்போது பங்குகள் அத்தனையும் ரத்தாயின. சுமார் 318 கோடி ரூபாய் பத்திரங்களும் செல்லாமல் போயின. டிபிஎஸ் புதிதாக 2,500 கோடி கொண்டுவந்து போட்டது. பங்கை நம்பி வைத்திருந்த சிறு முதலீட்டாளர்களுக்கு அது பெரிய அடி. இருந்தாலும், லாபத்தில் பங்கு கேட்டவரே நஷ்டத்திலும் முன்னால் நிற்க வேண்டும் என்ற அந்த முறை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் அந்த வரிசையே தலைகீழானது. 1856இல் தொடங்கிய கிரெடிட் சூயிஸ் வங்கியை 2023 மார்ச் 19, ஒரு ஞாயிற்றுக்கிழமை, யுபிஎஸ் வங்கி வாங்க ஏற்பாடானது. பங்குதாரர்களுக்கு 300 கோடி பிராங்க் கிடைத்தது. ஏடி-1 என்ற பத்திரங்களில் போட்டவர்களின் சுமார் 1,600 கோடி பிராங்க் மட்டும் பூஜ்யம். அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2025 அக்டோபரில் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது.

ஏடி-1 நமக்கும் புதிதல்ல. 2020 மார்ச்சில் எஸ் பேங்கைக் காப்பாற்றியபோது 8,415 கோடி ரூபாய்க்கான ஏடி-1 பத்திரங்கள் ரத்தாயின. ஆபத்தைச் சரியாகச் சொல்லாமல், ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி என்று காட்டி அவற்றைச் சாதாரண வாடிக்கையாளர்கள் தலையிலும் கட்டியதாகக் கூறி, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021இல் அந்த வங்கிக்கு 25 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூடுதல் வட்டி என்று கவுன்ட்டரில் ஒரு தாளை நீட்டினால், அது டெபாசிட்டா பத்திரமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டெபாசிட் என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பத்திரத்துக்கு அது கிடையாது.